உரமும் மணமும் – கிறிஸ்டியன் டியோர்

பிரான்சு நாட்டின் வடமேற்குக் கரையில், நார்மண்டிப் பகுதியில், கிரான்வீல் என்றொரு சிறு துறைமுக ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரில் காற்று ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வீசினால், மக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்று டியோர் வாடை பலமாக இருக்கிறது என்று பேசிக்கொள்வார்களாம். ஊருக்கு அப்பால் டியோர் குடும்பத்தாரின் உரத் தொழிற்சாலை இருந்தது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து கப்பல்களில் வந்திறங்கிய கடற்பறவை எச்சமும், பிற்பாடு இரசாயன உரங்களும் அங்கே பதப்படுத்தப்பட்டன. ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளக் காரணமாயிருந்த அந்தக் குடும்பப் பெயரைத்தான் இன்று உலகம் ஒரு நறுமணத்தின் பெயராக அறிந்திருக்கிறது. நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நல்ல மணத்தைக் குறித்துப் பின்னர் பொருள் இழிந்தது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். டியோர் என்ற சொல்லுக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறு.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டியில், கழுத்தில் வில் முடிச்சுக் கட்டிய சதுரக் கண்ணாடிக் குப்பி ஒன்றைச் சிலர் பார்த்திருக்கலாம். உள்ளே இளஞ்சிவப்பு நீர் இருக்கும். ஒரு சொட்டு கையில் பட்டால் பூவும் பழமும் கலந்த இனிய மணம் எழும். குப்பியின் மேல் மிஸ் டியோர் என்று எழுதியிருக்கும். அது கடைக்காரர்கள் கற்பனை செய்த பெயர் என்றே பலரும் நினைப்பர். அந்தப் பெயருக்கு உரியவராக ஒரு பெண்மணி உண்மையில் வாழ்ந்தார். அவர் ஹிட்லரின் வதை முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். அவருடைய அண்ணனின் வாழ்க்கையைச் சொல்லப் புகுந்தால் அவரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கிறிஸ்டியன் டியோர் 1905-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் கிரான்வீலில் பிறந்தார். தந்தை மாரீஸ் டியோர் உரத் தொழிலதிபர். தாயார் மதலேன் அழகுணர்ச்சி மிக்கவர். ஐந்து பிள்ளைகளில் கிறிஸ்டியன் இரண்டாமவர், கதரீன் கடைக்குட்டி. கதரீன் பிறந்தது 1917-இல். அண்ணனுக்கும் தங்கைக்கும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. குடும்பம் குடியிருந்த லே ரும்ப் என்னும் மாளிகை கடலை நோக்கிய குன்றின் விளிம்பில் நின்றது. உப்புக் காற்றும் புயலும் அறையும் அந்தப் பாறையில் பூச்செடி வளருமா என்று யாரும் ஐயுறுவர். மதலேன் அம்மையார் காற்றைத் தடுக்க மரங்களை நட்டு, நல்ல மண் நிரப்பி, ரோஜாத் தோட்டம் ஒன்றை உருவாக்கினார். மற்ற பிள்ளைகள் ஓடி விளையாடும் வேளையில் கிறிஸ்டியன் தாயின் பின்னால் தோட்டத்தில் நடப்பான். விதைக் கம்பெனியின் விலைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, நம் வீட்டுக் குழந்தைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலப் பூக்களின் பெயர்களையும் அவற்றின் குணங்களையும் மனப்பாடம் செய்வானாம். ஐந்து பிள்ளைகளில் இந்தப் பூப்பைத்தியம் கிறிஸ்டியனுக்கும் கதரீனுக்கும் மட்டுமே வாய்த்தது. கணவர் விற்றதோ உரம், மனைவி வளர்த்ததோ ரோஜா. ஒன்றின் வருவாயில்தான் மற்றது பூத்தது என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1919-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக நடந்த ஒரு பொருட்காட்சியில், பதினான்கு வயதுக் கிறிஸ்டியனின் கையைப் பார்த்து ஒரு குறிகாரி சோதிடம் சொன்னாள். ஒரு காலத்தில் கையில் காசில்லாமல் நிற்பாய், ஆனால் பெண்களால் உனக்கு நன்மை உண்டு, அவர்களைக் கொண்டே பெரும் பொருள் ஈட்டுவாய் என்பது அவள் கணிப்பு. வீட்டார் சிரித்தார்கள். டியோர் மட்டும் அதைச் சாகும்வரை மறக்கவில்லை. அவருக்குச் சோதிடத்திலும் சகுனத்திலும் இருந்த நம்பிக்கை நம் ஊர்ப் பாட்டிமாருக்குக் கூட இருக்குமா என்பது சந்தேகமே. பகுத்தறிவுக்குப் பெயர்போன பிரான்சில் இப்படியும் ஒருவர் இருந்தார்.

மகன் கட்டடக் கலை கற்க விரும்பினான். பெற்றோர் அவனை அயல்நாட்டுத் தூதராக்க விரும்பினர். முடிவில் 1923-இல் பாரிசிலுள்ள அரசியல் அறிவியல் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஓவியர்கள், கவிஞர்கள், இசைக் கலைஞர்கள் ஆகியோரின் கூட்டத்திலேயே பொழுது கழிந்தது. 1928-இல் தந்தை கொடுத்த பணத்தில் ஒரு நண்பருடன் சேர்ந்து ஓவியக் கூடம் ஒன்றைத் திறந்தார். பணம் கொடுத்த வீட்டார் ஒரு நிபந்தனை விதித்தனர். கடையின் பெயர்ப் பலகையில் டியோர் என்ற பெயர் வரக் கூடாது. வியாபாரக் குடும்பமானாலும், சொந்தப் பெயரைக் கடை வாசலில் தொங்கவிடுவது கௌரவக் குறைவு என்பது தாயாரின் எண்ணம்.

1931-ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்தை அடியோடு புரட்டிப் போட்டது. ஒரு தம்பி மனநோய்க்கு ஆளாகி மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டார். அந்தத் துயரின் நடுவே தாயார் காலமானார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தந்தையின் சொத்து முழுவதும் கரைந்தது. அதே ஆண்டில் டியோர் கட்டடக் கலைஞர் குழு ஒன்றுடன் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். ஓவியக் கூடமும் கைநழுவியது. மற்றொரு நண்பரின் கூடத்தில் சில காலம் பணியாற்றினார். சல்வதோர் டாலி போன்றோரின் ஓவியங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன என்றாலும், பின்னால் கோடிக்கணக்கில் விலைபோகவிருந்த அந்தப் படங்களை அன்று வாங்க ஆளில்லை. 1934-இல் காச நோயும் வந்து சேர்ந்தது. நண்பர்கள் பணம் திரட்டி அவரை மலைப் பகுதிக்கும் பின்னர் ஸ்பெயின் நாட்டுத் தீவு ஒன்றுக்கும் அனுப்பி வைத்தனர். குறிகாரி சொன்னதில் முதற்பாதி இவ்வாறு பலித்துவிட்டது.

உடல் தேறிப் பாரிசுக்குத் திரும்பிய டியோருக்கு வேலை இல்லை, வீடும் இல்லை. நண்பர் ஒருவரின் அறையில் தங்கிக்கொண்டு, அவர் கற்றுக்கொடுத்தபடி தொப்பிகளையும் உடைகளையும் வரையத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது. முப்பது வயதுவரை அவர் தொழிலாகக் கருதி ஒரு கோடு கூட வரைந்தவரல்லர். இருபது வயதுக்குள் வாழ்க்கை தீர்மானமாகிவிட வேண்டும் என்று நம்மைப் பிடித்து உலுக்கும் பெரியவர்களுக்கு இந்தச் செய்தியை எடுத்துச் சொல்லலாம். அவருடைய தொப்பிப் படங்கள் விற்றன. பத்திரிகைகள் வாங்கின. 1938-இல் ராபர்ட் பிகே என்பவரின் ஆடையகத்தில் வடிவமைப்பாளராக வேலை கிடைத்தது. மறு ஆண்டே போர் மூண்டு அவரைப் படைக்கு அழைத்துக்கொண்டது.

1940-இல் பிரான்சு வீழ்ந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட டியோர், தெற்கே மத்தியதரைக் கடலை அடுத்த காலியான் என்னும் கிராமத்தில் தந்தையுடனும் கதரீனுடனும் தங்கினார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து பச்சைப் பட்டாணியும் பிற காய்கறிகளும் பயிரிட்டுச் சந்தையில் விற்று வயிறு வளர்த்தார்கள். 1941 இறுதியில் டியோர் பாரிசுக்குத் திரும்பி லூசியன் லெலோங்கின் ஆடையகத்தில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் எழுதுகிறவனின் பேனா சற்றுத் தயங்குகிறது. பாரிசு அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்தது. விலையுயர்ந்த உடை வாங்க வந்தவர்களில் ஜெர்மன் அதிகாரிகளின் மனைவியரும், அவர்களோடு கூடிக் குலவிப் பணம் சேர்த்த உள்ளூர்க்காரர்களின் மனைவியரும் இருந்தனர். அவர்களுக்கும் டியோர் உடை வடிவமைத்தார். ஆடைத் தொழிலை ஜெர்மனிக்குப் பெயர்த்துக்கொண்டு போகாமல் காத்தது லெலோங்கின் சாதனை என்பர்; ஆயிரக்கணக்கான தையற் பெண்களின் பிழைப்பு அதில் அடங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆயினும் அண்ணன் பகலில் அந்த உடைகளை வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில் தங்கை செய்துகொண்டிருந்தது வேறு வேலை.

1941 நவம்பரில் கதரீன், இலண்டனிலிருந்து தெ கால் பேசும் ஒலிபரப்பைக் கேட்பதற்காக வானொலிப் பெட்டி வாங்கக் கடற்கரை நகரமான கானுக்குப் போனார். கடையில் இருந்தவர் எர்வே தெ ஷர்பொன்னெரி. அவர் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர். வானொலி வாங்கப் போனவர் இயக்கத்தில் சேர்ந்தார். எர்வேயே அவருடைய வாழ்க்கைத் துணையுமானார். போலந்து நாட்டு உளவு அதிகாரிகள் தொடங்கிய எஃப்-2 என்னும் அமைப்பு அது. ஜெர்மன் படைகளின் நடமாட்டம், இரயில் போக்குவரத்து ஆகிய செய்திகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்புவது அதன் பணி. கதரீன் சைக்கிளில் சுற்றிச் செய்தி சேகரித்தார்; அறிக்கைகளைத் தட்டச்சு செய்தார். பின்னர் தெற்கில் இருக்க முடியாத நிலை வந்தபோது பாரிசுக்கு வந்து அண்ணனின் ரோயால் தெரு வீட்டில் தங்கினார். இயக்கத்தினர் அந்த வீட்டில் கூடினர். டியோருக்கு அது தெரியும். தெரிந்தும் கதவைச் சாத்தவில்லை. பிடிபட்டால் அவர் தலையும் உருண்டிருக்கும். கோழை என்றும் சொல்ல முடியாமல், வீரர் என்றும் பட்டம் கட்ட முடியாமல் நிற்கும் மனிதர் அவர்.

1944 சூலை 6-ஆம் நாள் கதரீன் பாரிசில் கைது செய்யப்பட்டார். பொம்ப் தெருவிலுள்ள ஒரு வீட்டில், கெஸ்டபோவுக்குக் கைக்கூலிகளாக இருந்த பிரெஞ்சுக்காரர்களே அவரைச் சித்திரவதை செய்தனர். பனிக்கட்டி போன்ற நீரில் முக்கினர், அடித்தனர். அவர் வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. அண்ணன் வீட்டிலும் தென்பகுதியிலும் இருந்த அவருடைய கூட்டாளிகள் அதனால்தான் உயிர் பிழைத்தனர். ஆகஸ்ட் 15 அன்று பாரிசிலிருந்து கைதிகளை ஏற்றிச் சென்ற கடைசி இரயில்களில் ஒன்றில் அவர் ஏற்றப்பட்டார். பத்தே நாளில், ஆகஸ்ட் 25-இல், பாரிசு விடுதலை அடைந்தது. அந்தப் பத்து நாள் கணக்கை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

தங்கையை மீட்க டியோர் தமக்குத் தெரிந்தவர்களையெல்லாம் பார்த்தார். சுவீடன் நாட்டுத் தலைமைத் துணைத்தூதர் நோர்ட்லிங் இரயிலை நிறுத்த முயன்றார். அந்த முயற்சி பலிப்பதற்குள் இரயில் ஜெர்மனிக்குள் போய்விட்டது. கதரீன் பெண்களுக்கான ராவன்ஸ்புரூக் வதை முகாமுக்கும், பின்னர் டொர்காவ், அப்டெரோடா, மார்க்கிளீபெர்க் ஆகிய இடங்களிலிருந்த அடிமைத் தொழிற்கூடங்களுக்கும் மாற்றப்பட்டார். வெடிமருந்தும் விமான எந்திர உறுப்புகளும் செய்யும் வேலை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். உணவென்று பெயர் பண்ணிய கஞ்சி. வீட்டுக்கு எந்தச் செய்தியும் இல்லை. டியோர் திருமதி தெலஹே என்னும் குறி சொல்லும் பெண்ணிடம் திரும்பத் திரும்பப் போனார். அவள் ஒவ்வொரு முறையும் தங்கை திரும்பி வருவாள் என்றே சொன்னாள். அது பலித்ததால் பின்னாளில் அவர் எந்தக் காரியத்தையும் அவளைக் கேட்காமல் தொடங்கியதில்லை.

1945 மே மாத இறுதியில் கதரீன் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். இரயில் நிலையத்தில் காத்திருந்த அண்ணனுக்குத் தங்கையை அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தார். சமையலில் தேர்ந்தவரான டியோர், தங்கைக்குப் பிடிக்குமென்று முட்டையும் பாலாடைக் கட்டியும் சேர்த்த பணியாரம் ஒன்றை வீட்டில் ஆசையோடு செய்து வைத்திருந்தார். அந்த உணவை ஏற்கும் நிலையில் கதரீனின் வயிறு இல்லை. தட்டு அப்படியே இருந்தது. முகாமில் நடந்ததைப் பற்றி அவர் அதன் பிறகு வாழ்ந்த அறுபத்து மூன்று ஆண்டுகளில் மிகச் சிலரிடமே பேசினார்.

மறு ஆண்டு டியோரின் தலைவிதி திரும்பியது. மார்செல் பூசாக் என்னும் பருத்தி ஆலை அதிபர், நலிந்துபோன பழைய ஆடையகம் ஒன்றுக்கு உயிரூட்ட ஆள் தேடினார். டியோரை அழைத்தார். ஏற்பதா மறுப்பதா என்று குழம்பிய டியோர் பாரிசுத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தால், வண்டிச் சக்கரத்திலிருந்து கழன்று விழுந்த, நட்சத்திர வடிவ இரும்புத் துண்டு. சகுனம் கிடைத்துவிட்டது. பூசாக்கிடம் சென்று, பழைய கடையைப் புதுப்பிக்க வேண்டாம், என் பெயரிலேயே புதிய ஆடையகம் வையுங்கள் என்று கேட்டார். கூச்ச சுபாவம் மிக்க அந்த மனிதருக்கு அன்று எங்கிருந்து துணிவு வந்ததோ! பூசாக் இசைந்தார். 1946 டிசம்பர் 16-இல் மோந்தேன் சாலை 30-ஆம் எண் கட்டடத்தில் நிறுவனம் தொடங்கியது. பலகையில் வரக் கூடாது என்று அன்று தாயார் விலக்கிய பெயர் வாசலில் ஏறியது. அந்த நட்சத்திரத்தை அவர் கடைசிவரை பாதுகாத்தார்.

1947 பிப்ரவரி 12-ஆம் நாள் அவருடைய முதல் ஆடைக் காட்சி நடந்தது. போர்க்காலத்தில் பெண்களின் உடை முரட்டுத் தோளும் குட்டைப் பாவாடையுமாக, போர்ச் சீருடை போல் ஆகியிருந்தது. டியோரோ சிறுத்த இடையும், மலர் கவிழ்ந்தது போல் விரிந்த நீண்ட பாவாடையும் கொண்டு வந்தார். அமெரிக்கப் பத்திரிகையாசிரியை கார்மெல் ஸ்நோ அதற்குப் புதுத் தோற்றம் என்று பெயரிட்டார்; அந்தப் பெயரே நிலைத்தது. ஒரே நாளில் டியோர் உலகப் புகழ் பெற்றார் என்பது மிகையன்று.

கண்டனமும் கூடவே வந்தது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் துணிக்கு இன்னும் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பஞ்சத்தில் ஒரு பாவாடைக்குப் பதினைந்து இருபது கஜம் துணியா என்று மக்கள் கொதித்தார்கள். பாரிசு லெப்பிக் தெருச் சந்தையில் படமெடுக்க வந்த டியோர் விளம்பரப் பெண்களின் உடையை அங்கிருந்த பெண்கள் கிழித்தே விட்டனர். அமெரிக்காவில் காலை மூடும் பாவாடை வேண்டாமென்று பெண்கள் பதாகை பிடித்தனர். கிழித்த பெண்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. பூசாக் பருத்தி ஆலை முதலாளி என்பதையும், பாவாடை நீண்டால் யாருக்கு இலாபம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நறுமணத்துக்கு வருவோம். கிரான்வீலில் டியோரோடு விளையாடிய செர்ழ் எப்லெர் லூயிஷ் என்னும் நண்பர், புகழ்பெற்ற கோத்தி வாசனை நிறுவனத்தில் பணியாற்றித் தேர்ந்தவர். அவரைத் துணைகொண்டு 1947-இலேயே டியோர் வாசனைத் தைல நிறுவனத்தையும் தொடங்கினார். உடை வாங்க முடியாதவரும் ஒரு குப்பி சென்ட் வாங்கலாம் என்பது வணிகக் கணக்கு. உடை உடுத்திய பெண்ணின் அலங்காரத்தில் மணமே கடைசித் தையல் என்பது டியோரின் கணக்கு. தைலத்தைக் கூட்டியவர்கள் பால் வாஷே, ழான் கார்ல் ஆகிய இருவர். இவர்களில் கார்ல், பிற்காலத்தில் மூக்கின் உணர்வை இழந்த பின்னும் நினைவைக் கொண்டே மணங்களைச் சேர்த்தவர் என்று அத்தொழிலில் பெயர் பெற்றவர். காது கேளாத பீத்தோவன் இசை எழுதியதற்கு இது இணையன்றோ!

தைலத்துக்குப் பெயர் மட்டும் அமையவில்லை. அது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கதரீன் அறைக்குள் நுழைந்தாராம். டியோரின் உதவியாளரான மித்சா பிரிகார் என்னும் அம்மையார், இதோ மிஸ் டியோர் வந்துவிட்டார் என்று அறிவித்தாராம். அந்தக் கணத்திலேயே பெயர் முடிவாயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. முதல் ஆடைக் காட்சியன்று மண்டபமெங்கும் அந்தத் தைலத்தைத் தாராளமாகத் தெளித்திருந்தனர்.

அந்தப் பழைய மிஸ் டியோரின் மணத்தில் இனிப்பு மிகக் குறைவு. நல்ல தைலமொன்று தோலில் பட்டால் மூன்று படியாக மணக்கும். முதலில் எழுவது சில நிமிடங்களில் மறையும். நடுவில் வருவது சில மணி நேரம் நிற்கும். அடியில் கிடப்பது மறுநாளும் துணியில் இருக்கும். மிஸ் டியோரில் முதலில் எழுந்தது கால்பனம் என்னும் பிசினின் மணம். பச்சைக் காம்பை ஒடித்தால் வரும் கசப்பு வாசனை அது. நடுவில் ரோஜாவும் மல்லிகையும் கார்டீனியாவும். அடியில் ஓக் மரத்துப் பாசியும், பச்சூலியும், வெட்டிவேரும். கடைசி இரண்டும் நமக்கு அந்நியமல்ல. வெட்டிவேர் என்ற தமிழ்ச் சொல்லையே பிரெஞ்சுக்காரர்களும் சற்றுத் திரித்து வழங்குகின்றனர். பச்சூலி என்ற பெயரும் தமிழிலிருந்து போனதே என்று அகராதிகள் சொல்கின்றன. நம் ஊர்க் கோடையில் தட்டியில் நனையும் வேர், பாரிசு மாளிகையின் குப்பிக்குள் அடிமணமாய் இருந்தது. மொத்தத்தில் மழை விட்ட தோட்டத்து மண்ணிலே பூ உதிர்ந்து கிடப்பது போன்ற மணம் என்று சொல்லலாம். காலியான் தோட்டத்தில் மண்ணைக் கிளறிய ஒரு பெண்ணுக்கு அது பொருந்தும் மணம்தான்.

பழ வாசனை டியோர் வீட்டுக்கு வந்தது இரண்டாண்டு கழித்து. 1949-இல் வெளிவந்த டியோராமா என்னும் தைலத்தைச் செய்தவர் எத்மோன் ருத்னித்ஸ்கா. இவர் போர்க்காலத்துப் பாரிசில், ஒரு பக்கம் குப்பைமேடும் மறுபக்கம் சாயத் தொழிற்சாலையுமாக இருந்த கட்டடத்தில் உட்கார்ந்து, வேறொரு நிறுவனத்துக்காகப் பிளம் பழ மணம் கமழும் புகழ்பெற்ற தைலத்தை உருவாக்கியவர். டியோராமாவில் பீச்சும் பிளமும் மல்லிகையோடு கூடின. மல்லிகையையும் ரோஜாவையும் கரைத்து மணச்சாறு எடுக்கலாம். நம் மதுரை வட்டாரத்து மல்லிகையின் சாறு இன்று பிரான்சு வரை போகிறது. ஆனால் பீச் போன்ற பழத்தைப் பிழிந்தால் சாறுதான் வருமேயன்றித் தைலம் வராது. அந்த மணத்தை இரசாயனக் கூடத்தில்தான் உண்டாக்க வேண்டும். 1908-இல் கண்டறியப்பட்ட ஒரு செயற்கைப் பொருளே பீச் வாசனையைத் தைலத்துக்குள் கொண்டுவந்தது. பூவோடு பழத்தைச் சேர்ப்பதில் அளவு தவறினால் தைலம் பழப்பாகு ஆகிவிடும். ருத்னித்ஸ்கா அளவு தவறாதவர்.

டியோர் தம் அதிர்ஷ்டப் பூவாகக் கொண்டிருந்தது, பிரெஞ்சுக்காரர் முகே என்று அழைக்கும் பள்ளத்தாக்கு லில்லி. மே மாதம் முதல் நாள் ஒருவருக்கொருவர் அந்தச் சிறு வெண்மணிப் பூவைக் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். டியோர் தம் ஆடைகளின் மடிப்புக்குள் ஒரு முகே கொத்தை வைத்துத் தைக்கச் செய்வார். அந்தப் பூவோ கருமி. எப்படி வாட்டினாலும் மணத்தைத் தைலமாகத் தராது. ருத்னித்ஸ்கா அச்செடியைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டு, முகர்ந்து முகர்ந்து, வேறு பொருள்களைக் கொண்டே அதன் மணத்தை எழுதிக் காட்டினார். 1956-இல் வந்த டியோரிஸ்ஸிமோ அதுதான். டியோர் கண்ட கடைசித் தைலமும் அதுவே.

பத்தே ஆண்டுகளில் பணமும் புகழும் குவிந்தன. 1957 மார்ச்சு மாதம் அமெரிக்காவின் டைம் இதழ் அட்டையில் அவர் படம் வந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை உலகை வியக்க வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவரை அரித்தது. பருத்த உடல், பலவீனமான இதயம், உணவின் மேல் அடங்காத ஆசை. மனம் ஓய்ந்தபோதெல்லாம் தெற்கே மோந்தோரூவில் வாங்கிய லா கோல் நுவார் என்னும் பண்ணை மாளிகைக்கு ஓடினார். அங்கே திராட்சையும் ரோஜாவும் மல்லிகையும் பயிரிட்டார். கதரீனின் காலியான் அங்கிருந்து மிகப் பக்கம். 1957 அக்டோபரில் உடல் இளைக்க வேண்டி இத்தாலியின் மோந்தேகாத்தினி ஊற்று நீர் விடுதிக்குப் புறப்பட்டார். குறி சொல்லும் திருமதி தெலஹே போக வேண்டாம் என்று தடுத்ததாகவும், அந்த ஒரு முறை மட்டும் அவர் கேட்கவில்லை என்றும் சொல்வர். அக்டோபர் 24-ஆம் நாள் மாரடைப்பால் அங்கே காலமானார். வயது 52. அவருடைய இடத்துக்கு வந்த உதவியாளர் இவ் சென் லோரானுக்கு அப்போது வயது 21. டியோரின் உடல் காலியான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

பெயரைக் கொடுத்த கதரீன் அந்தப் பெயரால் வரும் பகட்டில் பங்கு கொள்ளவில்லை. முகாமிலிருந்து மீண்ட சில காலத்திலேயே எர்வேயுடன் பாரிசுச் சந்தையில் பூ வியாபாரம் தொடங்கினார். விடியுமுன் எழுந்து மொத்த வியாபாரிகளிடம் பூக்கட்டு எடுப்பது அவர் தொழிலாயிருந்தது. 1952-இல் பொம்ப் தெருக் கொடியவர்கள் மீது வழக்கு நடந்தபோது நீதிமன்றத்தில் நேரில் நின்று சாட்சி சொன்னார். பிரான்சு அரசு வீரப் பதக்கங்கள் அளித்தது. 1994-இல் லெஜியோன் தொனேர் விருதும் தந்தது. அண்ணன் இறந்தபின் அவருடைய கலைமரபுக்குக் காவலராக இருந்தாரேயன்றி ஆடையகத்தின் ஆட்சியில் தலையிடவில்லை. காலியான் நிலத்தில் ரோஜா வளர்த்துக் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலுக்குக் கொடுத்தார். கிரான்வீலில் அவர்கள் வளர்ந்த வீடு 1997 முதல் காட்சியகமாக இருக்கிறது. தாயாரின் தோட்டம் ஊராருக்குப் பூங்காவாயிற்று.

நிறுவனம் பின்னர் பல கை மாறியது. வாசனைப் பிரிவை 1968-இல் மதுபான நிறுவனம் ஒன்று வாங்கியது; 1978-இல் பூசாக்கின் ஆலைகளே திவாலாயின. 2005-இல் புதிய உடைமையாளர்கள் இளம்பெண்களுக்கென்று, ஸ்ட்ராபெரி மணமும் சர்க்கரைப் பாகின் இனிப்பும் சேர்ந்த ஒரு தைலத்தை மிஸ் டியோர் ஷெரி என்ற பெயரில் கொண்டுவந்தனர். அது பெருவிற்பனை கண்டது. சில ஆண்டுகளில் ஷெரி என்ற ஒட்டு உதிர்ந்து, அந்தப் பழமணத் தைலமே மிஸ் டியோர் ஆயிற்று. 1947-இன் கசப்பும் பாசியுமான தைலம் தன் பெயரோடு மூலம் என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டு கடையின் பின் அடுக்குக்கு ஒதுங்கியது. இன்றைய குப்பியைக் குறை சொல்வதற்கில்லை; பலருக்கும் பிடித்த மணம் அது. ஆனால் அதை முகர்ந்து கதரீன் டியோரை யாரும் ஊகிக்க முடியாது. ஷெரி வெளிவந்தபோது அவர் உயிரோடிருந்தார், வயது ஏறத்தாழ 88. மே மாதத்தில் ரோஜா பூத்துக்கொண்டிருந்த காலியான் வீட்டிலேயே வாழ்ந்து, 2008 சூன் மாதம் காலமானார்.